மூக்கை மாற்றினால் மூச்சு வளருமா?

ஹிஞ்சேவாடியில் மாலை வேளைகளில் கூடும் நம்மவர் கூட்டங்களில் முன்பெல்லாம் சினிமாவும் தேர்தலும்தான் பேச்சாக இருக்கும். இப்போது மோட்டார் வண்டியின் மூக்கும் பேச்சாகிவிட்டது. வண்டியோடு கம்பெனி கொடுத்த காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் விற்கும் கூம்பு வடிவ வடிகட்டியையும் பளபளக்கும் குழாயையும் மாட்டிவிட்டால், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி துள்ளும் என்கிறார்கள். 'திராட்டில் ரெஸ்பான்ஸ்' என்று அதற்கு ஒரு பெயரும் சொல்கிறார்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் இதைப் 'பிக்கப்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நானும் அச்சொல்லையே ஆள்கிறேன். (சிறு சரக்கு வண்டிக்கும் பிக்கப் என்றே பெயர். பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை என்று ஒருவர் புலம்பினால் நண்பர்கள் மிரள வேண்டாம்.)

இது உண்மையா? உண்மையென்றால் எவ்வளவு உண்மை? விற்பவர் சொல்வதையும் கேட்டோம், வாங்கியவர் சொல்வதையும் கேட்டோம். வாங்கியவர் ஏமாந்தேன் என்று எளிதில் சொல்ல மாட்டார். ஐந்து இலக்கத்தில் பணம் கொடுத்தவருக்கு வண்டி துள்ளித்தானே ஆகவேண்டும்! விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இத்தனை பேர் இங்கே இருக்கிறோம். நம்மில் ஒருவராவது அளந்து பார்த்தோமா? என் கருத்தை ஒளிக்காமல் முதலிலேயே வைத்துவிடுகிறேன். டர்போ பூட்டிய டீசல் லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் இந்தக் கடைச்சரக்கு பிக்கப் தராது. அது தருவது ஓசை. திறந்த கூம்பாக இருந்தால், அந்த ஓசையோடு வெப்பக் காற்றும் புழுதியும் இலவச இணைப்பு.

இதில் என்ன தலைபோகிற காரியம் என்று சிலர் நினைக்கலாம். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர் தம் சொந்த வண்டிக்கு எதை மாட்டினால் நமக்கென்ன? அவர் பணம், அவர் பொழுதுபோக்கு. உண்மைதான். ஆனால் பேச்சு ஓரிடத்தில் நிற்பதில்லையே. நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்டு, பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், சாத்தாரா வழியாக மும்பைப் பக்கம் போகும் லாரிகள், நம் ஹிஞ்சேவாடிக்கு அருகே வாக்கட்டை ஒட்டிய நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன. தமிழ்நாட்டு எண்பலகையைக் கண்டதும் நமக்குள் ஏதோ ஒன்று குளிர்கிறது அல்லவா? என் தாய்மாமன் ஒருவர் அப்படி ஓட்டுகிறவர். இருப்பது ஒரே லாரி, அதுவும் கடனில் வாங்கியது. சென்ற மாதம் இங்கே சரக்கை இறக்கிவிட்டு நின்றபோது கேட்டார்: "ஏம் மாப்ள, நீ சயின்ஸ் படிக்கிறவன்தானே? இதை மாட்டுனா வண்டி மேட்டுல நல்லா பிக்கப் எடுக்குமாமே, மெய்யா?" அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. கம்பாட்கி கணவாயில் பாரத்தோடு ஏறும்போது ஒரு கியர் குறையாமல் ஏறினால் அவருக்கு அது நேரம், டீசல், பணம். "இருங்க மாமா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கணக்குதான்.

முதலில் மிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மிதி காற்றை ஆள்கிறது. டீசல் எஞ்சினில் மிதி எண்ணெயை ஆள்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேச்சும் நடக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் காற்றுக் குழாயில் ஒரு தட்டு இருக்கிறது. மிதித்தால் தட்டு திறக்கும், காற்று போகும், அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் பின்னால் வரும். அந்தத் தட்டுக்குத்தான் திராட்டில் என்று பெயர். டீசல் எஞ்சினோ காற்றை எப்போதும் வேண்டுமட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மிதித்தால் கூடுவது பீய்ச்சப்படும் டீசலின் அளவு. இன்றைய டீசல் வண்டிகளிலும் ஒரு தட்டு வைக்கிறார்கள். அது புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டுக்கும் எஞ்சினை அதிராமல் நிறுத்துவதற்கும்தான், வேகத்தை ஆள்வதற்கு அல்ல. ஆகவே டீசல் லாரியில் 'திராட்டில் ரெஸ்பான்ஸ்' என்பது, வாசலே இல்லாத வீட்டில் கதவைப் பழுதுபார்ப்பது போன்றதுதான்.

அப்படியானால் மிதித்ததும் லாரி ஏன் தயங்குகிறது? டர்போவால். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது; அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. புகை பெருகினால்தான் சக்கரம் வேகம் பிடிக்கும். சக்கரம் வேகம் பிடித்தால்தான் காற்று பெருகும். காற்று பெருகினால்தான் டீசலைக் கூட்ட முடியும். டீசல் கூடினால்தான் புகை பெருகும். யார் முதலில் என்ற இந்த வட்டம் சுற்றி முடியும் தயக்கத்தைத்தான் ஓட்டுநர் காலடியில் உணர்கிறார். காற்று வருமுன் டீசலைக் கொட்டினால் கரும்புகைதான் வரும். பழைய லாரிகளில் பம்பின் திருகைத் திருப்பி அப்படிக் கொட்டச் செய்தவர்கள் உண்டு. பிக்கப்பும் கிடைத்தது, பின்னால் வந்தவனுக்கு இருமலும் கிடைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில், காற்றின் அளவு பார்த்தே டீசல் விடவேண்டும் என்று உள்ளே இருக்கும் கணிப்பொறி காவல் காக்கிறது.

இந்த வட்டத்தில் காற்று வடிகட்டி எங்கே வருகிறது? டர்போவுக்கும் முன்னால், குழாயின் நுனியில். காற்றின் அழுத்தம் அசையும் செய்தி ஒலியின் வேகத்தில் ஓடும். நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். வடிகட்டியிலிருந்து டர்போ வரை இரண்டு மீட்டர் குழாய் என்று வைத்தாலும் அதைக் கடக்க ஆறு மில்லிநொடி போதும். டர்போ சுழல்வேகம் பிடிக்கவோ ஒரு நொடியும் அதற்கு மேலும் ஆகிறது. நூறு பங்குக்கு மேல் நேரத்தை வேறொருவர் தின்றுகொண்டிருக்க, ஒரு பங்கைக்கூட முழுதாகத் தின்னாதவரைப் பிடித்து அடிப்பானேன்?

அடுத்து, தடை. வடிகட்டி காற்றைத் தடுக்கிறது என்பது மெய். எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நீர்மட்டக் கணக்கில் சொல்கிறேன். நம் கலை மாணவர்களுக்கும் விளங்கும். கடல்மட்டத்தில் வளிமண்டலம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரைத் தாங்கும். புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 9,700 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். ஒரு டீசல் லாரி முழுப் பாரத்தில், முழு வேகத்தில் காற்றை இழுக்கும்போது, சுத்தமான வடிகட்டியும் அதன் குழாய்களும் சேர்ந்து 250 மில்லிமீட்டர் நீர் அளவுக்குத் தடை தருவதாகக் கொள்வோம். அடைத்துப்போய் மாற்றவேண்டிய நிலைக்கு எஞ்சின்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை 25 அங்குலம், அதாவது 635 மில்லிமீட்டர். கடைக்காரரின் கூம்பு அந்த 250-ஐப் பாதியாக்கிவிடும் என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். லாபம் 125. அது 9,700-இல் 1.3 சதவீதம்.

அந்த 1.3 சதவீதமும் முழு ஓட்டத்தில்தான். நண்பர்களே, இங்கேதான் கணக்கின் உயிர் இருக்கிறது. தடை என்பது காற்றோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவது. ஓட்டம் பாதியானால் தடை காலாகும். ஓட்டம் ஐந்தில் ஒன்றானால் தடை இருபத்தைந்தில் ஒன்றாகும். ஓட்டுநர் பிக்கப்பை எதிர்பார்ப்பது எப்போது? சிக்னலில் நின்று கிளம்பும்போது, கணவாய் வளைவில் வேகம் விழுந்து மறுபடி மிதிக்கும்போது. அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழன்று, காற்றோட்டம் குறைந்திருக்கும்போது. அந்த நேரத்தில் பழைய வடிகட்டியின் தடை 250 அல்ல, 10 மில்லிமீட்டர். அதைப் பாதியாக்கினால் லாபம் 5 மில்லிமீட்டர் நீர்! வானிலை மாறி மேகம் கூடும் நாளில் புனேயின் காற்றழுத்தம் இதைப்போல் பல மடங்கு ஏறி இறங்குகிறது. இன்று காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதல், என் லாரி துள்ளுகிறது என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறோமா?

பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான், காரணம் வேறு. பாதி மிதியில் ஓடும்போது அந்தத் தட்டே சில மீட்டர் நீர் அளவுக்குத் தடை போட்டுக்கொண்டிருக்கிறது. வாசலில் பெருங்கதவைப் பாதி மூடி வைத்துவிட்டு, தெருமுனையில் கொசுவலையை அகற்றியதால் காற்று வருகிறது என்பார் உண்டோ? முழு மிதியில், உயர்ந்த சுழற்சியில், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில், கணிப்பொறியின் கணக்கையும் திருத்தி எழுதினால் சிறிது பலன் கிடைக்கும். பந்தயக்காரர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். அவர்கள் முழு மிதியிலேயே வாழ்கிறவர்கள். நம் மாமாக்கள் வாழ்வது இரண்டாம் கியரில்.

"எல்லாம் சரி, நானே மாட்டினேன், நானே உணர்ந்தேன்" என்கிறார் ஒரு நண்பர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உணர்ந்தது எது? முன்பிருந்த வடிகட்டி எத்தனை நாளாகத் தட்டப்படாமல் கிடந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் பெட்ரோல் கார்களை வைத்துச் சோதித்தது. நன்றாக அடைத்துப்போன வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தபோது, புதுக்கால வண்டிகளில் எரிபொருள் செலவு குறையவில்லை. ஆனால் முழு மிதியில் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை குறைந்தது. வைத்தது சாதாரண வடிகட்டிதான், கூம்பு அல்ல. ஆகவே நண்பருக்குக் கிடைத்த துள்ளலில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அது புதியதன் பலன். கம்பெனியின் சாதாரணக் காகித வடிகட்டியே அதைத் தந்திருக்கும், பத்தில் ஒரு பங்கு விலையில்.

மற்றொன்று ஓசை. கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியின் பக்கத்தில் பானை போல ஒரு வெற்று அறை தொங்கும். அது வீணாக வைத்ததன்று. கடத்தின் வாயில் தட்டினால் அதற்கென்று ஒரு சுரம் எழுகிறதல்லவா? அதே விதிதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆராய்ந்து சொன்ன விதி. அந்த அறை தன் சுரத்துக்கு ஒத்த இரைச்சலை விழுங்கிவிடும். அதைக் கழற்றியதும் எஞ்சின் இழுக்கும் மூச்சு முழக்கமாகக் கேட்கிறது. மிதித்த கணமே முழக்கம்! காது முந்துகிறது, மனம் பின்தொடர்கிறது, வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த வழக்கில் செவிதான் சாட்சி, செவிதான் நீதிபதி. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு அளவையை எழுதிக்கொண்டு போனால் நம் ஆசிரியர்கள் நோட்டைத் திருப்பி எறிவார்கள்.

இதில் நட்டமும் உண்டு. எஞ்சின் அறைக்குள்ளேயே மூடியின்றி உட்காரும் கூம்பு, அந்த அறையின் வெப்பக் காற்றையே குடிக்கும். 30 பாகை வெப்பத்திலுள்ள வெளிக்காற்றுக்குப் பதில் 60 பாகைக் காற்றை இழுத்தால், அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. 1.3-ஐத் தேடிப்போய் 9-ஐக் கொடுத்துவிட்டு வரும் வியாபாரம் இது. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குளிர்விப்பான் இந்த நட்டத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரும், முழுவதையும் அல்ல. நெடுஞ்சாலையில் நிற்கும் எந்த லாரியையும் பாருங்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக் குழாய் எழுந்து நிற்கும். எஞ்சின் சூடும் சாலைப் புழுதியும் குறைந்த உயரத்தில் மூக்கை வைக்கவேண்டும் என்று பொறியாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். காருக்குப் புதுமை என்று விற்கப்படும் 'குளிர்க்காற்று வழி' லாரிக்குப் பிறவியிலேயே உண்டு!

புழுதிக்கு வருவோம். ஆறு லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்குச் சராசரியாக 6 கனமீட்டர் காற்றை இழுப்பதாகக் கொள்ளுங்கள். பத்து மணி நேர ஓட்டத்துக்கு 3,600 கனமீட்டர். கனமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் புழுதி என்றால் நாளொன்றுக்கு 3.6 கிராம். நூற்றுக்கு 99.9 பங்கு பிடிக்கும் வடிகட்டி, உள்ளே விடுவது 3.6 மில்லிகிராம். 98 பங்கு மட்டும் பிடிப்பது, உள்ளே விடுவது 72 மில்லிகிராம். சதவீதத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. எஞ்சினுக்குள் போவதில் இருபது மடங்கு. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஒரு கிராம் எங்கே, இருபத்தொரு கிராமுக்கு மேல் எங்கே? சாலைப் புழுதியில் பெரும்பகுதி மணற்சத்து. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது உப்புத்தாள் வேலை செய்யும். கட்டடம் எழும்பும் வேகத்தில் ஹிஞ்சேவாடியின் காற்று எப்படி இருக்கிறது என்பதை நம் சட்டைக் கழுத்தே சொல்லும். அக்காலத்து லாரிகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த காற்று வடிகட்டி இருந்தது; கிளீனர் பையன் அதைக் கழற்றிக் கழுவி எண்ணெய் மாற்றுவான். அவன் பெயரே கிளீனர் என்று இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டிகளில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. காற்றை அளக்க, குழாயில் சூடேறிய நுண்கம்பி ஒன்று வைத்திருக்கிறார்கள். எண்ணெய் மிகுதியாகப் பூசினால் அது பறந்து கம்பியில் படியும், அளவு பிசகும். குழாயின் அகலத்தை மாற்றினாலும் அளவு பிசகும், ஏனெனில் அந்தக் கருவி குறிப்பிட்ட குழாயோடு சேர்த்தே சரிபார்க்கப்பட்டது. அதன்பின் புகையைத் திருப்பிவிடும் கணக்கும் கரியை வடிக்கும் கணக்கும் தடுமாறும். இவையெல்லாம் சேர்ந்துதான் வண்டி மாதிரிக்குச் சோதனையும் சான்றும். 1966-இல் தோன்றிய இந்திய மோட்டார் ஆராய்ச்சிக் கழகம், அதுதான் அந்தச் சான்று தரும் நிலையங்களில் ஒன்று, இதே புனேயின் வேதாள் குன்றின்மேல் இருக்கிறது. குழாயை வெட்டி ஒட்டக் கிளம்புகிறவர்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், 2019-இல் சேர்ந்த திருத்தத்தையும் ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பட்டும். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதியிருக்கிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு.

மூடிய பெட்டிக்குள் வரும், நல்ல காகிதம் வைத்த, சோதனைச் சான்றுள்ள மாற்று வடிகட்டிகளும் சந்தையில் உண்டு. அவற்றை நான் பழிக்கவில்லை. அவற்றால் கெடுதி இல்லை என்பேன். பிக்கப் வரும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

என் மாமாவுக்கு நான் சொன்ன பதில் சிறியது. வடிகட்டிக் குழாயில் ஒரு சிறு கண்ணாடிக் காட்டி இருக்கிறது, அதில் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று தினம் பாருங்கள், ஏறினால் கம்பெனி வடிகட்டியையே புதிதாகப் போடுங்கள், டர்போவிலிருந்து போகும் ரப்பர்க் குழாய்களில் கீறலோ கசிவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிக்கப் திடீரென்று குறைந்தால் காரணம் அங்கே இருக்கத்தான் வாய்ப்பு மிகுதி. "கண்ணாடியா? அதை யாரு பாத்தா!" என்றார். ஓட்டுகிறவருக்கு எதிரிலேயே ஒரு அளவுகோல் தொங்குகிறது, அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. படித்தவர்கள் நாம் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நம் மண்ணின் எண்பலகையோடு வந்து நிற்கும் வண்டியின் அருகே ஒரு மாணவனாவது போய் நின்றானா? இதை நம் சங்கத்தின் மீது குறையாகவே சொல்கிறேன்.

ஒரு யோசனை. மூன்று மீட்டர் ஒளிபுகும் ரப்பர்க் குழாய், ஒரு மரப்பலகை, ஒரு அளவுகோல், நீரில் கலக்கச் சிறிது நீலம். அந்தக் காட்டியைக் கழற்றிய துளையில் குழாயைப் பொருத்தினால், தடை எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் கண்ணால் காணலாம். நின்றபடி எஞ்சினை முடுக்கினால் மேடேறும்போது வரும் காற்றோட்டத்தில் ஒரு பகுதிதான் வரும். ஆயினும் பழைய வடிகட்டியையும் புதியதையும் ஒப்பிட அது போதும். கூம்பு வடிகட்டிக்காக வாதாடும் நண்பர்களும் வரட்டும். நாணயம் சுண்டி எந்த வடிகட்டி என்று முடிவு செய்வோம், ஓட்டுபவருக்கு எது என்று சொல்லாமல், காதில் பஞ்சை அடைத்துவிட்டு, ஒரே மேட்டில் 20-லிருந்து 40 கிலோமீட்டர் வேகம் எட்டும் நொடிகளைப் பத்துப் பத்து முறை குறிப்போம். கூம்புக்காரர் வென்றால் அந்த எண்களை இதே இதழில் நானே எழுதித் தருகிறேன். குழாயும் பலகையும் வாங்க நானூறு ரூபாய்க்குள்தான் ஆகும் என்று விசாரித்துச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வண்டி மாமாவுடையது. அவர் அடுத்த நடை தீபாவளிக்கு முன் வருகிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாக்கட் பக்கம் வர இயலும் நண்பர்கள் பெயர் கொடுக்கவும்.